பதினோராம் இடம் கேட்ட செலீன்

வீட்டில் யாரும் தெருவில் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருந்தவள் செலீன். அவள் வயிற்றில்தான் ஓட்டக்காரி வந்து பிறந்தாள். இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒரு தாய்க்கு வேறு என்ன வேண்டும் என்று அவள் கேட்காத ஆளில்லை. கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த ஒழுங்கை முழுவதும் அதைக் கேட்டுவிட்டது. ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களும் கேட்டுவிட்டார்கள். புருஷன் ஹியூபேட் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிறவனைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதனுக்குக் கீழே நடக்கிறது எதுவுமே பெரிதாகத் தெரியாது என்று செலீன் சொல்லுவாள்.

அவளுடைய சட்டம் சும்மா வந்ததில்லை. புதுக்கடையில், நீதிமன்றங்களுக்கு எதிர்ப்புறம், ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் அவள் தட்டெழுத்துக்காரி. நாட்டில் சண்டை தொடங்கிய நாளிலிருந்து அவள் தட்டிய சத்தியக்கடதாசிகளில் பாதி, ஆமியும் பொலிசும் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றியவை. தாய்மார் வாங்கில் இருந்து அழுதழுது சொல்லுவார்கள். ஐயா அதை ஆங்கிலத்தில் சொல்லுவார். செலீன் தட்டுவாள். ஏன் பிடித்தார்கள் என்ற இடம் வந்ததும் அநேகமாக ஒரே வசனம்தான் வரும். நிற்கச் சொன்னபோது நிற்கவில்லை, ஓடினான். பஸ்ஸைப் பிடிக்க ஓடியவனும் அதில் இருந்தான், மழைக்கு ஓடியவனும் இருந்தான். தட்டித் தட்டியே அந்த ஒரு சொல்லின்மேல் அவளுக்கு வெறுப்புப் பிடித்துவிட்டது.

ஆகவே வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சீருடையைக் கண்டால் நடையைக் குறைக்க வேண்டும். கை உயர்ந்தால் நிற்க வேண்டும். கேட்கும்வரை விழித்துக்கொண்டிருக்காமல் அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். சிரிக்கவும் கூடாது, முறைக்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் முன்னால் தமிழில் உரத்துக் கதைக்கவே கூடாது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூடச் செலீன் வாயைத் திறக்கமாட்டாள், பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கையில் கிள்ளுவாள். மகள் ஜெசிந்தா கிள்ளு வாங்கி வாங்கியே கொழும்பின் பஸ் தரிப்புகளை எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தாள்.

ஜெசி, கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கேட்டு வாங்கிய பிள்ளை. கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, செவ்வாய்க்கிழமை தவறாமல் போய் மெழுகுதிரி கொளுத்தி, மன்றாடிப் பெற்றது. கேட்டதை அப்படியே கொடுப்பவர் அந்தோனியார் என்பதில் செலீனுக்கு அன்றுமுதல் துளி சந்தேகமில்லை. ஓடாத பிள்ளையாகப் பார்த்துத் தா என்று சேர்த்துக் கேட்காமல் விட்டதுதான் தன்னுடைய பிழை என்று பின்னாளில் சொல்லிக்கொண்டாள்.

ஜெசியின் பள்ளிக்கூடத்தில் ஓடுவதற்கு இடமே கிடையாது. நான்கு பக்கமும் வகுப்பறைகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்துக்கு நடுவில் மாதா சுரூபம். அந்தச் சுரூபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடித்தான் அவள் ஓட்டம் பழகினாள். பீ.ரீ. படிப்பித்த பேர்ணடெற் மிஸ், பிள்ளை மூச்சு வாங்காமல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, வலய மட்ட குரோஸ் கன்ட்ரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் ஓட்டம். ஜெசி வெடி கேட்டதும் முன்னுக்குப் போனாள், கடைசிவரை முன்னுக்கே நின்றாள், இரண்டாவதாக வந்த பிள்ளை கண்ணுக்கே தெரியவில்லை. ஒழுங்கையில் அதை எல்லோரும் மரதன் என்றுதான் சொன்னார்கள். ஹியூபேட் துறைமுகத்தில் போய், மகள் மரதனில் முதலாவது என்று கப்பல்காரருக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தான். சின்னப்பிள்ளை விளையாட்டு, ஓ.எல். சோதனை வந்தால் தானாக அடங்கும் என்று செலீன் நினைத்தாள்.

அடங்கவில்லை. சோதனை முடிந்த கையோடு பேர்ணடெற் மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுத்த செலீன், பிறகு அந்தத் தேத்தண்ணியையே நொந்துகொண்டாள். இங்கே ஜெசியைத் துரத்த ஆளில்லை, ஆளில்லாமல் ஓடினால் பிள்ளை வளரமாட்டாள், பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களோடு மாகாணப் போட்டியில் ஓடவிட வேண்டும் என்று மிஸ் அடித்துச் சொன்னாள். பதினாறு வயதுப் பிள்ளை பெரிய பெட்டைகளோடு எதற்கு ஓட வேண்டும் என்று செலீன் கேட்டாள். வெல்லுகிற இடத்தை விட்டுத் தோற்கிற இடத்துக்குப் போவது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்டாள். மிஸ் சிரித்தாள். ஹியூபேட்டும் சிரித்தான். இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் அந்த வீட்டில் வாக்கெடுப்பு முடிந்த மாதிரித்தான்.

முதல் மாகாணப் போட்டி ஹோமாகமைக்கு அப்பால் ஒரு றப்பர்த் தோட்டத்தில் நடந்தது. செலீன் போகவில்லை. ஜெசி வழக்கம்போல வெடி கேட்டதும் முன்னுக்குப் பாய்ந்திருக்கிறாள். முதல் ஏற்றத்திலேயே மற்றவர்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி இரண்டு பேராக இல்லை, கும்பல் கும்பலாக. மேட்டிலும் சேற்றிலும் ஓடிப் பழகிய பிள்ளைகள், ஆணி வைத்த சப்பாத்துப் போட்டவர்கள், ஒருத்திக்கு இன்னொருத்தி வழிவிட்டு மாறி மாறி ஓடத் தெரிந்தவர்கள். மாதா சுரூபத்தைச் சுற்றி ஓடியவளுக்கு ஏற்றமும் தெரியாது, பின்னால் ஓடவும் தெரியாது. நாற்பதுக்குப் பிந்தி எங்கேயோ வந்து சேர்ந்து, முடிவில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாளாம்.

செலீனுக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. பிள்ளைக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தாள். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னாள், எல்லாருக்கும் எல்லாம் வராது மகள் என்றாள். ஜெசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“முந்திக்கொண்டு போகேக்குள்ள ஒருத்தியும் என்னைத் திரும்பியே பாக்கல்ல மம்மி,” என்றாள். “நான் அங்க இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகுதான் வீடு வீடாக இல்லாமல் போனது. முன்பு விளையாட்டாக ஓடியவள் இப்போது வெறிபிடித்து ஓடினாள். மாடிப்படியில் மேலும் கீழும் ஓடினாள், கீழ்வீட்டுப் பைறோஸா கூரை இடிகிறது என்று விளக்குமாற்றுக் கட்டையால் தட்டுவாள். விடியற்காலையில் எழும்பித் தகப்பனையும் எழுப்பி, அவன் சைக்கிளில் கூட வர, மட்டக்குளி வழியாகக் காக்கைத்தீவுக் கடற்கரை வரைக்கும் ஓடிவிட்டு வந்தாள். மணலில் ஓடினால் ஏற்றத்தில் ஓடுகிற பலம் வருமாம். மிஸ் சொன்னாளாம். வீட்டில் சப்பாத்திலிருந்து கொட்டிய மணலைக் கூட்டியள்ளுகிற வேலை யாருக்கு என்று மிஸ் சொல்லவில்லை. ஒரு பாண் வாங்கினால் இரண்டு நாளைக்கு இருந்த வீட்டில் இரண்டு பாண் காலைச் சாப்பாட்டோடு காணாமல் போனது. இரவு வேலை நாட்களில் ஹியூபேட் வேலை முடிந்து வந்த உடுப்போடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போவான். தகப்பனும் மகளும் திரும்பி வந்து, இன்றைக்கு மூச்சு நன்றாக இருந்தது, கால் கனமாக இருந்தது என்று குசினியில் நின்று கதைக்கும்போது, செலீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு நாட்டில் இருக்கிறவர்கள் மாதிரியல்லவா கதைக்கிறார்கள் என்று சட்டியைப் படாரென்று வைப்பாள்.

காக்கைத்தீவுக்குப் போகிற வழியில் சென்றி இருந்தது. மணல் மூட்டைகளும் தகரமுமாக, கையில் துவக்கோடு இரண்டு ஆமிக்காரர். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு மாதத்துக்கு மாதம் ஆள் மாறினார்கள். விடியப்புறத்து இருட்டில் ஒரு தமிழ்ப் பெட்டை ஓடி வருவதை எந்தப் புது ஆள் எப்படி எடுப்பானோ என்று செலீன் ஹியூபேட்டிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஓடவேண்டாம் என்றால் கேட்கிறவர்கள் இல்லை. ஆகவே தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஜெசியின் கட்டைக் காற்சட்டை ஒவ்வொன்றின் இடுப்புப் பட்டிக்குள்ளும் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்தாள். புதிதாக எடுத்த அடையாள அட்டை அதற்குள் கச்சிதமாக இருந்தது. குளிக்கப் போகும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அது உடம்போடு இருக்க வேண்டும் என்பது கட்டளை.

பை தைத்ததோடு விடவில்லை. வீட்டு நடையில் வைத்துப் பழக்கினாள். ஹியூபேட்டைத் துவக்குக்குப் பதிலாகத் தும்புத்தடியோடு ஒரு முனையில் நிறுத்திவிட்டு, மறுமுனையிலிருந்து மகளை ஓடிவரச் செய்வாள். ஹியூபேட் கையைத் தூக்கியதும் ஜெசி அப்படியே நிற்க வேண்டும், நின்ற கையோடு அட்டை வெளியே வரவேண்டும். முதல் நாள் ஹியூபேட் சிரித்துக் கெடுத்தான். செலீன் அவனைப் பார்த்த பார்வையில் இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. யோசித்து நிற்கக் கூடாது, யோசிக்க நேரம் இருக்காது, காலே தானாக நிற்க வேண்டும் என்று செலீன் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு மாதத்தில் ஜெசி அதிலும் கெட்டிக்காரியானாள். கை பாதி உயர்வதற்குள் நின்றுவிடுவாள். காக்கைத்தீவுச் சென்றியில் வயதான ஆமிக்காரன் ஒருவன், இவள் நிற்கிற வேகத்தைப் பார்த்து, ஓடுகிற வேகம் இதற்குப் பிறகுதான் என்று பகிடி பண்ணினானாம். பகிடி என்று ஹியூபேட் சொன்னான். செலீன் அதை நற்சான்றாகவே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் மாகாணப் போட்டி நெருங்க, மிஸ் மறுபடியும் தேத்தண்ணி குடிக்க வந்தாள். ஜெசி இப்போது பின்னால் ஓடப் பழகிவிட்டாள், ஏற்றத்தில் ஆள் பிடிக்கப் பழகிவிட்டாள், முதல் பத்துக்குள் வந்தால் அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம் என்றாள். அது எங்கே நடக்கிறது என்று செலீன் கேட்டாள். பதுளைப் பக்கம், மூன்று நாள் தங்க வேண்டும். செலீன் மனதுக்குள் அந்த வழி முழுவதையும் ஒரு தரம் போய் வந்தாள். வழியில் எத்தனை செக் பொயின்ற், எத்தனை தரம் பஸ்ஸால் இறங்கி ஏறுவது, இரவில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படுப்பது, யார் கேட்டால் யார் பதில் சொல்வது. ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா என்று கத்த வாயெடுத்தவள், நின்று யோசித்தாள். கந்தோரில் இருந்து அவள் கற்ற ஒன்று, கத்துகிறவர்களைவிட ஒப்பந்தம் எழுதுகிறவர்களே வெல்லுவார்கள் என்பது.

பத்துக்குள் வந்தால் பதுளைக்குப் போ, நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றாள். வராவிட்டால் இத்தோடு ஓட்டத்தை விட்டுவிட வேண்டும், சப்பாத்தையும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். ஜெசி தாயை நேராகப் பார்த்து, சரி மம்மி என்றாள். அந்தச் சரியில் ஒரு பயமும் இல்லாதது செலீனுக்கு எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கந்தோர் விட்டு நேரே கொச்சிக்கடைக்குப் போனாள். மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த அந்தோனியாரோடு கணக்காகக் கதைத்தாள். பிள்ளை விழக்கூடாது, காயப்படக்கூடாது. கடைசியாக வந்து வெட்கப்படவும் கூடாது, அவள் என் பிள்ளை. நன்றாகவே ஓடட்டும். ஆனால் பத்துக்குள் மட்டும் வரவேண்டாம். பதினோராவதாக வரட்டும். தந்தால் ஆளுயர மெழுகுதிரி ஒன்று கொளுத்துகிறேன் என்று நேர்த்தி வைத்தாள். இப்படி ஒரு மன்றாட்டை அந்தக் கோயிலில் அதற்கு முன்னர் யாரும் வைத்திருக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை. இந்த முறை செலீனும் போனாள். ஒப்பந்தம் நிறைவேறுவதை நேரில் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம், மகள் ஓடி அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை ஒத்துக்கொள்ளமாட்டாள். றப்பர்த் தோட்டத்தில் அட்டை கடித்தது, சேலைக் கரையெல்லாம் செம்மண். ஹியூபேட் அவளை இழுத்துக்கொண்டுபோய், ஓட்டம் தோட்டத்திலிருந்து வெளியே வந்து தார் வீதியைக் கடக்கிற வளைவில் நிறுத்தினான். அதற்குப் பிறகு கொஞ்சத் தூரம்தான், முடிவு. அங்கே வாகனங்களை மறிப்பதற்கு ஒரு ஆமிக்காரன் நின்றான். செலீன் பழக்கத்தில் அவனிடமிருந்து நாலு அடி தள்ளி நின்று, வாயை மூடிக்கொண்டாள்.

முதல் பிள்ளைகள் போனார்கள். எலும்பும் நரம்புமாக, முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல், மண் தெறிக்கத் தெறிக்கப் போனார்கள். ஹியூபேட் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தான். ஏழாவதாக ஜெசி வந்தாள். செலீன் அவளை முதலில் அடையாளம் காணவில்லை. வீட்டில் சோம்பல் முறித்துக்கொண்டு திரிகிற பிள்ளை இல்லை இது. தோள் ஆடவில்லை, தலை ஆடவில்லை, கால் மட்டும் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஓடிய பெட்டை திரும்பி ஒரு தரம் பயத்தோடு பார்த்தாள். செலீன் தன்னையறியாமல் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். அந்த நேரம் வீதியில் ஒரு லொறி வேகமாக வந்தது. ஆமிக்காரன் வீதிக்கு நடுவில் இறங்கி லொறியைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

ஜெசி நின்றாள்.

லொறிக்குத் தூக்கிய கை அது. அவளுக்கு அது தெரிய நேரமில்லை. சீருடை தெரிந்தது, கை தெரிந்தது, கால் தானாக நின்றது. நின்ற கையோடு இடுப்புப் பைக்குள்ளிருந்து அட்டை வெளியே வந்தது. மூச்சு வாங்க வாங்க, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சிரிக்காமல் முறைக்காமல், அட்டையை நீட்டியபடி வீதியோரத்தில் நின்றாள். தாய் பழக்கியதில் ஒரு அணுவும் பிசகவில்லை. பின்னால் வந்த ஒருத்தி அவளைத் தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். ஆமிக்காரன் திரும்பிப் பார்த்து, இது என்னவென்று விளங்காமல் விழித்தான். பிறகு கையை ஆட்டி, “துவன்ன நங்கி, துவன்ன,” என்றான். ஓடு என்று அவனே சொல்லியும் ஜெசிக்குக் காதில் ஏறவில்லை. அட்டையை அவன் வாங்குவான் என்று காத்துக்கொண்டே நின்றாள். மூன்றாவது ஆளும் தாண்டிப் போனாள்.

“ஓடு!” என்று கத்தினாள் செலீன். “ஓடடி மகள்! ஓடு!”

பதினைந்து வருடமாக வெளித் தெருவில் உரத்து வராத தமிழ் அது. சுற்றி நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது, ஆமிக்காரனும் திரும்பிப் பார்த்தான். செலீன் யாரையும் பார்க்கவில்லை. ஜெசி திடுக்கிட்டு, அட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடத் தொடங்கினாள். அதற்குள் நான்காவது பெட்டையும் போய்விட்டாள். நின்ற காலை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று மிஸ் பிறகு விளங்கப்படுத்தினாள். கடைசிவரை ஒருத்தியையும் அவளால் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

பதினோராவது.

ஹியூபேட் வந்து அதைச் சொன்னபோது செலீனுக்குக் கோபம் கண்ணை மறைத்தது. யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை. லொறிக்காரனில் கோபம். சனிக்கிழமையும் லொறி ஓட்டச் சொன்ன அவன் முதலாளியில் கோபம். அந்தக் கையில், அந்தச் சீருடையில், பதினோராவதும் நல்ல இடம்தானே என்ற ஹியூபேட்டில் கோபம். கொச்சிக்கடைப் பக்கம் நினைக்கவே பயமாக இருந்தது. இவ்வளவு துல்லியமாகவா ஒரு மனிதர் கேட்டதைக் கொடுப்பார். ஏன் நின்றாய் என்று மிஸ் அழாக்குறையாகக் கேட்டாள். ஜெசி செம்மண் படிந்த அட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, கை தூக்கினது மிஸ் என்றாள். வேறு விளக்கம் தேவையில்லை என்பதுபோலச் சொன்னாள்.

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கினார்கள். ஜெசியின் கையில் அட்டை ஏற்கனவே இருந்தது. செலீன்தான் கைப்பைக்குள் துழாவிக்கொண்டு பிந்தினாள்.

சொன்ன சொல்லை ஜெசி காப்பாற்றினாள். அது இன்னும் பெரிய கொடுமை. மறுநாள் அவள் எழும்பி ஓடவில்லை. மாடிப்படியில் சத்தமில்லை, பாண் மிஞ்சியது, வீட்டில் மணல் இல்லை. சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, கீழ்வீட்டுப் பைறோஸாவின் மகளுக்குக் கொடுக்கலாமா என்று பணிவாகக் கேட்டாள். செலீன் தலையில் அடித்துக்கொண்டாள். முழு வருடமும் இந்த அமைதிக்குத்தானே தவம் கிடந்தாய் என்று ஹியூபேட் கேட்டபோது அவன் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆளுயர மெழுகுதிரியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது பெரிய அவதி. வழியில் மறித்த ஆமிக்காரர் அதையும் தட்டிப் பார்த்தார்கள். நேர்த்தி நேர்த்திதான், கொடுக்காமல் விடமுடியாது. கொளுத்தி வைத்துவிட்டுக் கண்ணாடிக் கூட்டை முறைத்துப் பார்த்தாள். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை விழக்கூடாது என்று கேட்டேன், விழவில்லை. வெட்கப்படக்கூடாது என்று கேட்டேன், படவில்லை. நான் என்னத்தைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது உமக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று அவரிடம் கோபித்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசியைக் கூப்பிட்டு, அந்த ஒப்பந்தம் செல்லாது, நாளைக்கே ஓடப் போ என்றாள்.

“நிக்கச் சொன்னீங்க, நிண்டன்,” என்றாள் ஜெசி. அவள் குரல் உயரவில்லை. “பத்துக்குள்ள வராட்டி விடச் சொன்னீங்க, விட்டன். இப்ப ஓடச் சொல்றீங்க. நான் எதைக் கேக்கிறது?”

“காக்கைத்தீவுச் சென்றியில நில்லு. போட்டியில நிக்காத. இது விளங்காதா உனக்கு?”

“ரெண்டு இடத்திலயும் அதே உடுப்புத்தானே மம்மி. கால் எப்பிடி அறியும்?”

காலுக்கு அறிவு வரக்கூடாது என்று பாடுபட்டுப் பழக்கியவளே செலீன்தான். அவள் போய் ஹியூபேட்டின் சவரப் பெட்டியைத் திறந்து ஒரு பிளேட்டை எடுத்தாள். போட்டிக்குப் போடுகிற காற்சட்டையை மடியில் வைத்து, இடுப்புப் பையின் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். நெருக்கமாகத் தைத்த தையல், லேசில் பிரியவில்லை. தைத்தவளைத் திட்டிக்கொண்டே பிரித்தாள்.

“காக்கைத்தீவுக்குப் போற காற்சட்டையில பை இருக்கட்டும்,” என்றாள். “போட்டியண்டைக்கு ஐ.சி. அட்டை என்னட்ட. உன்னட்ட காட்ட ஒண்டும் இருக்காது, அதால நீ நிக்கத் தேவையில்ல. நிக்கிறதுக்கு நான் நிக்கிறன்.”

பெட்டை அப்போதுதான் அழுதாள். செலீன் அவளைத் தேற்றவில்லை. மூக்கைச் சிந்திவிட்டுப் போய்ப் படி என்றாள்.

அதற்கடுத்த வருடம், ஜெசிக்குக் கடைசி வருடம், அதே றப்பர்த் தோட்டத்தில் அவள் ஆறாவதாக வந்தாள். பதுளைக்கும் போனாள். மூன்று இரவும் செலீன் நித்திரை கொள்ளவில்லை, அதற்கு மிஸ்ஸை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆறாம் இடத்தை ஹியூபேட் துறைமுகம் முழுவதும் சொல்லித் தீர்த்தான். செலீன் அந்த முடிவைக் காணவில்லை. காலையிலிருந்து அவள் அந்தத் தார் வீதி வளைவிலேயே நின்றாள். வெயில், அட்டைக்கடி, குடிக்கத் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போன ஹியூபேட்டைக் காணோம். இந்த முறை அவள் ஆமிக்காரனிடமிருந்து தள்ளி நிற்கவில்லை, அவன் பக்கத்திலேயே போய் நின்றாள். வேறு ஒருவன், மீசை இன்னும் சரியாக அரும்பாதவன். இந்த மனுசி ஏன் என்னை உரசிக்கொண்டு நிற்கிறாள் என்று அவன் இரண்டு தரம் பார்த்தான்.

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அவன் வீதியில் இறங்கிக் கையைத் தூக்கினான். வளைவில் ஜெசி தெரிந்தாள். அவள் கண் சீருடையில் விழுந்தது, கையில் விழுந்தது, ஒரு அடி தடுமாறியது. செலீன் மகளுடைய அடையாள அட்டையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். பிடித்த கையை இறக்கவில்லை. ஜெசி அதைப் பார்த்தாள். தடுமாறிய கால் நேரானது. தாய்க்கும் ஆமிக்காரனுக்கும் முன்னால், காற்று அடிக்கிற தூரத்தில், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

உயர்ந்த கையில் அட்டையைக் கண்ட ஆமிக்காரன், அவனுடைய பழக்கத்தில், கையை நீட்டி அதை வாங்கினான். படத்தைப் பார்த்தான். செலீனின் முகத்தைப் பார்த்தான். இரண்டும் பொருந்தவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, இந்தப் பிள்ளை எங்கே என்று சிங்களத்தில் கேட்டான்.

“ஓடிட்டா,” என்றாள் செலீன். பிறகு, அவனுக்கு விளங்கட்டும் என்று சிங்களத்திலும் சொன்னாள்.